பயோடீசல் சூடாக எரியுமா, குளிர்ச்சியாக எரியுமா?

அம்பாசமுத்திரம் பக்கத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். வீட்டில் 2009 மாடல், 45 ஹெச்பி டிராக்டர். ஊருக்குள் டேங்கர் கொண்டு வந்து, பங்க் விலையைவிட லிட்டருக்குப் பத்து ரூபாய் குறைவாகப் பயோடீசல் தருகிறார்களாம். டீசலோடு கலந்து ஊற்றலாமா என்பது கேள்வி. கூடவே வீட்டில் ஒரு வாக்குவாதமும் ஓடுகிறது. "அது சூடா எரியும், பிஸ்டன் உருகிரும்" என்கிறார் அவருடைய அண்ணன். "டீசலைவிடக் குளிர்ச்சியா எரியும், எஞ்சினுக்கு நல்லது" என்கிறார் விற்பவர். கலக்கலாமா என்று கேட்டாலும், சிலிண்டருக்குள் போன பிறகு அது என்ன ஆகிறது என்பதைத்தான் தம்பி தெரிந்துகொள்ள நினைக்கிறார். அதைச் சொல்லிவிட்டால் கலப்பதா வேண்டாமா என்பதை அவரே முடிவு செய்துகொள்ளலாம்.

நான் மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்துவிட்டு, திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் 26 வருடம், எஞ்சினுக்கு எண்ணெயை அழுத்தித் தள்ளும் டீசல் பம்ப், அதைச் சிலிண்டருக்குள் தெளிக்கும் நாசில் ஆகியவற்றில் வேலை பார்த்தவன். டிராக்டர், அறுவடை மிஷின், கிணற்று ஆயில் எஞ்சின், வள்ளத்து எஞ்சின் என்று மெக்கானிக்கல் பம்ப் உள்ள எல்லாமே என் மேசைக்கு வந்திருக்கின்றன. எல்லா நாசிலுக்கும் பொதுவான ஒரு குழாயிலிருந்து கம்ப்யூட்டர் கணக்கில் எண்ணெய் பீய்ச்சும் காமன் ரெயில் வண்டிகள் குறைவாகவே வந்தன. அவற்றைப் பற்றிக் கீழே எழுதுவது படித்ததும் மற்ற மெக்கானிக்குகளோடு பேசித் தெரிந்துகொண்டதும்தான்; கைப்பழக்கத்தில் வந்தது அல்ல.

முதலில் ஒன்றைப் பிரித்துக்கொள்ள வேண்டும். புங்க எண்ணெய், பின்னை எண்ணெய், பஜ்ஜிக் கடைப் பழைய எண்ணெய் இவை எதுவும் அப்படியே பயோடீசல் ஆகாது. எண்ணெயை மெத்தனாலோடும் காரத்தோடும் சேர்த்துச் சூடாக்கினால் அந்தப் பெரிய மூலக்கூறு மூன்றாக உடையும். அடியில் கிளிசரின் இறங்கிவிடும். மேலே தெளிந்து நிற்பதைக் கழுவி, ஈரம் போக்கி எடுத்தால் அதுதான் பயோடீசல். இந்த உடைப்பு ஏன் முக்கியம் என்றால், உடைக்காத எண்ணெய் டீசலைப் போலப் பத்து மடங்கு கெட்டியாக இருக்கும். உடைத்த பிறகு டீசலைவிடக் கொஞ்சமே கெட்டி. 40 டிகிரிச் சூட்டில் டீசலின் பிசுக்கு 2 முதல் 4.5 சென்டிஸ்டோக்ஸ் வரை என்றால், பயோடீசலுக்கு 3.5 முதல் 5 வரை இருக்கலாம் என்று நம் நாட்டுத் தர நிர்ணயமே சொல்கிறது. பம்ப்புக்கும் நாசிலுக்கும் இந்த வித்தியாசம் பெரிய பாரம் இல்லை.

இப்போது சிலிண்டருக்குள் போவோம். டீசல் எஞ்சினில் பிளக் கிடையாது. பிஸ்டன் மேலேறிக் காற்றை அமுக்குகிறது, அமுங்கிய காற்று சூடாகிறது, அந்தச் சூட்டில் நாசில் எண்ணெயைப் பீய்ச்சுகிறது. பீய்ச்சியவுடன் பற்றிக்கொள்வதில்லை. துளிகள் ஆவியாகிக் காற்றோடு கலந்து பற்றுவதற்கு மில்லி செகண்ட் கணக்கில் ஓர் இடைவெளி வேண்டும். 2,000 ஆர்பிஎம்மில் ஒரு மில்லி செகண்டில் கிராங்க் 12 டிகிரி சுற்றிவிடும் என்பதால், எஞ்சினுக்கு இது சின்ன இடைவெளி அல்ல. அந்த நேரத்தில் சேர்ந்துவிட்ட எண்ணெய் முழுவதும் ஒரே மூச்சில் பற்றும்போதுதான் டீசல் எஞ்சினுக்கே உரிய அந்த "டக் டக்" சத்தம் எழுகிறது. எவ்வளவு சீக்கிரம் பற்றும் என்பதற்கான அளவுகோலைத்தான் சீட்டேன் எண் என்கிறோம். நம் நாட்டில் டீசலுக்கும் பயோடீசலுக்கும் குறைந்தது 51 இருக்க வேண்டும் என்பது விதி. நன்றாகத் தயாரித்த புங்கன், பாமாயில் பயோடீசல் அதையும் தாண்டி நிற்கும். அதனால் இடைவெளி குறைகிறது, சேர்ந்து பற்றுவது குறைகிறது, சத்தமும் மென்மையாகிறது. பட்டறையில் ஒரு 5 ஹெச்பி ஆயில் எஞ்சினை முதலில் டீசலிலும் பிறகு முழுப் பயோடீசலிலும் ஓட்டிப் பார்த்திருக்கிறேன். பைப்பில் இருந்த டீசல் தீர்ந்து பயோடீசல் வந்து சேர்ந்த நேரத்தைக் கண்ணை மூடிக்கொண்டே சொல்ல முடிந்தது. இரும்பில் சுத்தியல் தட்டுகிற ஓசை மரத்தில் தட்டுவது மாதிரி ஆனது. பின்னாடியே சைலன்சரிலிருந்து வடைச் சட்டி வாசம்.

சூடா, குளிர்ச்சியா என்ற பேச்சுக்கு வருகிறேன். இரண்டுமே இல்லை. இரண்டு எண்ணெயின் சுடரும் ஏறக்குறைய ஒரே வெப்பத்தில்தான் எரிகின்றன. பிஸ்டன் உருகுவதற்குக் காரணம் எண்ணெயின் பெயர் அல்ல. நாசில் சரியாகப் பிரித்துத் தெளிக்காமல் ஒரே தாரையாகப் பிஸ்டன் தலையில் அடிப்பது, எண்ணெய் பீய்ச்சும் நேரமான டைமிங் தப்புவது, அளவுக்கு மீறி எண்ணெய் போவது, இவைதான் காரணம். டீசலிலேயே உருகிய பிஸ்டன்களை எத்தனையோ பார்த்திருக்கிறேன். "குளிர்ச்சி" என்று விற்பவர் சொல்வதற்கும் ஆதாரம் கிடையாது. ஒரே அளவு எண்ணெயில் பயோடீசலுக்குச் சக்தி கொஞ்சம் குறைவு. அதைக் குளிர்ச்சி என்று சொல்லி விற்கிறார்.

பயோடீசல் விற்பவர்கள் புகை குறையும் என்றும் சொல்வதுண்டு, அது உண்மை. பயோடீசலின் எடையில் நூற்றுக்குப் பத்து, பதினொன்று பங்கு ஆக்சிஜன். டீசலில் அது அறவே கிடையாது. கரும்புகை என்பது காற்று போதாமல் பாதி எரிந்து நின்ற கரி. தெளித்த எண்ணெயின் நடுவே காற்று எட்டாத இடத்தில்தான் அந்தக் கரி பிறக்கிறது. எண்ணெயே கொஞ்சம் ஆக்சிஜனைக் கையோடு கொண்டுபோனால் அங்கே கரி பிறப்பது குறையும். தொளி உழவில், அதாவது சேற்று உழவில், எஞ்சின் திணறும்போது வருகிற அந்தக் கறுப்புப் புகை குறைவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2002ல் பல சோதனைகளின் முடிவுகளைத் தொகுத்தது. நூற்றுக்கு 20 பங்கு பயோடீசல் கலந்தால் கரித்துகள் 10 சதவீதமும் கார்பன் மோனாக்சைடு 11 சதவீதமும் எரியாத ஹைட்ரோகார்பன் 21 சதவீதமும் குறைந்தன. முழுப் பயோடீசலில் இவை முறையே 47, 48, 67 சதவீதம் குறைந்தன. அதே தொகுப்பில் நைட்ரஜன் ஆக்சைடு மட்டும் ஏறியது: 20 பங்குக்கு 2 சதவீதம், முழுப் பயோடீசலுக்கு 10 சதவீதம்.

இந்த நைட்ரஜன் ஆக்சைடு ஏன் ஏறுகிறது என்பதில்தான் வல்லுநர்களுக்குள் இன்னும் கருத்து வேறுபாடு. காற்றிலுள்ள நைட்ரஜன் 1,500 டிகிரிக்கு மேல் போகும்போது ஆக்சிஜனோடு வேகமாகச் சேரும், அதில் ஐயமில்லை. தம்பியின் டிராக்டரில் இருப்பது போன்ற மெக்கானிக்கல் பம்ப்பில் இன்னொரு காரணமும் உறுதியாகத் தெரியும். டீசல் அமுங்கும் அளவுக்குப் பயோடீசல் அமுங்காது. பம்ப்புக்குள் எண்ணெயைத் தள்ளும் தண்டான பிளஞ்சர் தள்ளியவுடன் அழுத்தம் பைப் வழியே சீக்கிரம் நாசிலை எட்டி, அதனுள் இருக்கும் ஊசியைக் கொஞ்சம் முன்னாடியே தூக்கிவிடுகிறது. முழுப் பயோடீசலில் டைமிங் சுமார் ஒரு டிகிரி முன்னே வைத்தது போல ஆகிவிடும். டைமிங் முன்னே போனால் உச்ச வெப்பம் ஏறும். அண்ணன் "சூடா எரியும்" என்று சொல்வதில் உண்மை ஏதும் இருந்தால் அது இவ்வளவுதான், பிஸ்டன் உருகும் அளவுக்கு இல்லை. காமன் ரெயில் எஞ்சினில் இந்தக் காரணம் பெரும்பாலும் அடிபட்டுப் போகிறது. அப்படியும் சில எஞ்சின்களில் ஏறுகிறது, சிலவற்றில் இறங்குகிறது. கரி குறைவதால் சுடர் வெளியே வீசும் வெப்பமும் குறைந்து உள்ளேயே தங்கிவிடுகிறது என்கிறார்கள் சிலர். எந்த எண்ணெயிலிருந்து எடுத்தது என்பதும் சேரும். சோயா போன்றவற்றில் ஏற்றம் அதிகம்; தேங்காய், பாமாயில் போலச் சீக்கிரம் உறையும் எண்ணெய்களில் குறைவு. அப்படி உறையும் எண்ணெயின் பயோடீசலைக் குளிர்நாட்டில் ஊற்ற முடியாது, டேங்கிலேயே கட்டிவிடும். நம் ஊரில் மார்கழியில்கூட 20 டிகிரிக்குக் கீழே இறங்குவது அபூர்வம், அந்தக் கவலை நமக்கு வேண்டாம்.

இழுவையும் காசும் ஒன்றோடொன்று சேர்ந்தவை என்பதால் சேர்த்தே சொல்கிறேன். லிட்டருக்கு லிட்டர் பயோடீசலில் சக்தி சுமார் 8 சதவீதம் குறைவு. 20 பங்கு கலந்தால் குறைவது ஒன்றரை சதவீதம் சொச்சம். ஐந்து கலப்பையைப் போட்டு இழுத்தாலும் அந்த ஒன்றரை சதவீதத்தை ஆளால் உணர முடியாது. முழுப் பயோடீசலில் உணரலாம், மேட்டில் ஏறும்போது ஒரு கியர் இறக்க வேண்டி வரும். இப்போது கணக்கைப் போட்டுப் பாருங்கள். டீசல் 93 ரூபாய், பயோடீசல் 83 ரூபாய் என்று வைப்போம். 20 பங்கு கலந்த லிட்டர் 91 ரூபாய். ஆனால் ஒரு லிட்டர் டீசல் செய்த வேலையைச் செய்ய இது ஒரு லிட்டருக்கு மேல் கொஞ்சம் வேண்டும். அதையும் சேர்த்தால் 92 ரூபாய் 50 காசு ஆகிவிடுகிறது. லிட்டருக்கு மிச்சம் ஐம்பது காசு. நாள் முழுக்க உழுது 40 லிட்டர் எரித்தால் இருபது ரூபாய். முழுப் பயோடீசலே ஊற்றினாலும் பத்து ரூபாயில் ஏழு ரூபாய் எரிந்தே போய்விடும், மூன்றுக்கும் குறைவாகத்தான் கையில் நிற்கும். ஒரு ஃபில்டர் செட் அடைத்தால் எத்தனை நாள் மிச்சம் போகும் என்பதைத் தம்பியே கணக்குப் போடலாம்.

ஃபில்டரைச் சொல்லக் காரணம் இருக்கிறது. பயோடீசலால் என் மேசைக்கு வந்த கோளாறுகளில் எரிவதால் வந்தது ஒன்றுகூட இல்லை. எல்லாம் டேங்குக்கும் நாசிலுக்கும் நடுவே நடந்தவை. பயோடீசல் நல்ல கரைப்பான். பத்துப் பதினைந்து வருடமாக டீசல் டேங்கின் அடியிலும் சுவரிலும் படிந்து கிடக்கும் பிசினை அது சுரண்டிக்கொண்டு வந்துவிடும். புதிதாக ஊற்றிய முதல் வாரத்திலேயே எஞ்சின் மூச்சு முட்டி நிற்கும், "பயோடீசல் எஞ்சினைக் கெடுத்துருச்சு" என்று சொல்வார்கள். திறந்து பார்த்தால் ஃபில்டர் காகிதத்தின் மடிப்புகள் நடுவே கருப்பட்டிப் பாகு மாதிரி கறுப்பாய் அப்பியிருக்கும். அந்த அழுக்கு பயோடீசலுடையது அல்ல, பழைய டீசலுடையது. ஃபில்டரை மாற்றிவிட்டால் சரியாகிவிடும். ஹோஸ் விஷயம் அப்படி இல்லை. பழைய வண்டிகளின் ரப்பர் ஹோஸும் வாஷரும் பயோடீசலில் ஊறி உப்பும், பிறகு பிசுபிசுத்துப் போகும். 20 பங்கு வரை இந்தத் தொந்தரவு மெல்லத்தான் வரும், அதற்கு மேல் வேகமாக வரும். பித்தளை, செம்பு, துத்தநாகம் பூசிய தகரம் இவற்றோடு நாள்பட நின்றால் எண்ணெயே கெடும்.

எனக்கு அதிகக் கவலை தருவது தண்ணீரும் நாட்களும். டீசலைவிடப் பல மடங்கு ஈரத்தைப் பயோடீசல் தன்னுள் இழுத்து வைத்துக்கொள்ளும். காற்றுப் பட்டால் ஆக்சிஜனேற்றமாகிப் புளிக்கும், நம் ஊர் வெயில் அதை இன்னும் விரைவாக்கும். லாரிக்காரர் இன்று ஊற்றியதை நாளை எரித்துவிடுவார். டிராக்டர் அப்படியா? கார் பருவ நெல் நடவுக்கு ஓடும், அடுத்து பிசானப் பருவத்துக்கு ஓடும், நடுவில் கொட்டகையில் மாதக்கணக்கில் நிற்கும். அதிலும் ஐப்பசி, கார்த்திகை மழையில் பாதி டேங்க் எண்ணெயோடு நின்றால் மேல் தகட்டில் ஈரம் வேர்த்து உள்ளே சொட்டும். அந்தத் தண்ணீருக்கும் எண்ணெய்க்கும் நடுவே பாசி மாதிரி ஒன்று வளரும். டீசலிலும் வளரும், பயோடீசலில் செழித்து வளரும். ஒரு தைப் பொங்கல் கழிந்து வந்த பம்ப்பில் பிளஞ்சர் மேல் மஞ்சள் அரக்குப் போல் ஒரு படலம் பூசியிருந்தது, நகத்தால் சுரண்டினாலும் வரவில்லை. அந்த வண்டிக்காரர் புரட்டாசியில் நிரப்பிய கலப்பு எண்ணெயோடு வண்டியை நிறுத்தியிருந்தார். பிளஞ்சருக்கும் அது ஓடுகிற உறையான பேரலுக்கும் நடுவில் உள்ள இடைவெளி ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் சில பங்குதான். அங்கே அரக்கு பூசினால் பம்ப் இறுகிவிடும்.

சமைக்கிற எண்ணெயையோ புங்க எண்ணெயையோ அப்படியே டீசலில் கலப்பது வேறு கதை, அதைச் செய்யவே கூடாது. சேரன்மாதேவிப் பக்கமிருந்து ஒரு பெரியவர், செக்கில் ஆட்டிய புங்க எண்ணெயைப் பாதிக்குப் பாதி கலந்து ஒரு பருவம் ஓட்டிவிட்டு நாசில்களைத் துணியில் முடிந்து கொண்டுவந்தார். நாசில் முனையில் துளைகள் கால் மில்லிமீட்டர் அளவு, மூன்று நான்கு தலைமுடி சேர்ந்த தடிமன். ஒவ்வொரு துளையைச் சுற்றியும் கரி கட்டி, சின்ன ஊமத்தம்பூ மாதிரி வெளியே விரிந்து நின்றது. நாசில் டெஸ்டரில் பூட்டிக் கைப்பிடியை அழுத்தினேன். 200 பார் அழுத்தத்தில் கிர்ரென்று அதிர்ந்து பனிப்புகை மாதிரித் தெளிக்க வேண்டியது, இரண்டு துளையில் தாரையாக வந்தது, இரண்டு துளையில் வரவே இல்லை, முனையில் ஒரு துளி தொங்கி நின்றது. பிஸ்டன் ரிங்குகளும் ஒட்டியிருந்தன. 1900 பாரிஸ் கண்காட்சியில் ஒரு டீசல் எஞ்சின் கடலை எண்ணெயிலேயே ஓடியது என்று அவர் எங்கோ கேள்விப்பட்டு அதை நம்பிச் செய்திருந்தார். அது உண்மைதான், ஓடியது. ஓடிக் காட்டுவதற்கும் ஒரு பருவம் முழுக்க உழுவதற்கும் நடுவேதான் அந்தக் கரி கட்டியது. அந்த மனிதரின் முகம் இன்றும் நினைவில் இருக்கிறது. மலிவாக ஏதாவது கிடைக்காதா என்று விவசாயி தேடுவதில் தப்பே இல்லை, இந்த வழி சரியில்லை, அவ்வளவுதான்.

புதிய எஞ்சின்கள் பற்றிச் சுருக்கமாக. 2023 ஜனவரி முதல் 50 ஹெச்பிக்கு மேற்பட்ட டிராக்டர்களுக்குப் புது மாசு விதி வந்துவிட்டது, காமன் ரெயில் அவற்றில் சகஜம். கரித்துகள் ஃபில்டர் உள்ள வண்டிகளில், அதில் சேர்ந்த கரியை எரிக்கக் கொஞ்சம் எண்ணெயைத் தாமதமாகச் சிலிண்டரில் பீய்ச்சும் முறை உண்டு. டீசல் அங்கே ஆவியாகிப் போய்விடும். பயோடீசல் ஆவியாவதற்கு அதிக வெப்பம் வேண்டும், அதனால் சிலிண்டர் சுவரில் வழிந்து எஞ்சின் ஆயிலோடு சேர்ந்து அதை நீர்க்கச் செய்யும். அப்படிப்பட்ட வண்டிக்குக் கம்பெனி கையேட்டில் எத்தனை சதவீதம் என்று போட்டிருக்கிறதோ அதற்கு மேல் போகவே வேண்டாம். பழைய பம்ப்புகளுக்கு ஒரு நன்மையும் சொல்ல வேண்டும். 2020 ஏப்ரல் முதல் வரும் டீசலில் கந்தகம் 10 பிபிஎம்மாக, அதாவது பத்து லட்சத்தில் பத்துப் பங்காகக் குறைக்கப்பட்டது. கந்தகத்தை எடுக்கும்போது டீசலின் வழவழப்பும் போகிறது, அதற்காக வேறு மருந்து சேர்க்கிறார்கள். நூற்றுக்கு ஒன்று, இரண்டு பங்கு நல்ல பயோடீசல் அந்த வழவழப்பைத் திரும்பக் கொடுத்துவிடும். நம் பங்க் டீசலிலேயே 7 சதவீதம் வரை பயோடீசல் இருக்க விதி அனுமதிக்கிறது. 2018 உயிரி எரிபொருள் கொள்கை 2030க்குள் 5 சதவீதம் கலக்க வேண்டும் என்று இலக்கு வைத்தது, அந்த இலக்கு இன்னும் வெகுதூரத்தில் இருக்கிறது.

நான் இவ்வளவு நேரம் சொன்னதெல்லாம் உண்மையான பயோடீசலுக்கு. டேங்கரில் வருவது பயோடீசல்தானா என்பதே முதல் சந்தேகம். பில் கேளுங்கள். பயோடீசலுக்கான இந்தியத் தரமான ஐஎஸ் 15607க்கு உரிய பரிசோதனைச் சான்று, அந்தச் சரக்குக்கு உரியது, கேளுங்கள். இரண்டையும் தர மறுத்தால் அதற்கு மேல் பேச்சே வேண்டாம். தந்தாலும் வீட்டில் இரண்டு காரியம் செய்து பார்க்கலாம். ஒரு கண்ணாடி பாட்டிலில் பாதி பயோடீசல், பாதி தண்ணீர் ஊற்றி நன்றாகக் குலுக்கி வையுங்கள். அரை மணி நேரத்தில் இரண்டும் தெளிவாகப் பிரிய வேண்டும். நடுவே மோர் மாதிரி வெள்ளையாக ஓர் அடுக்கு நின்றால் சோப்போ பாதி உடைந்த எண்ணெயோ இருக்கிறது, சரியாகக் கழுவவில்லை என்று அர்த்தம். அடுத்தது அடர்த்தி. பங்க்குகளில் வைத்திருக்கும் ஹைட்ரோமீட்டர் போதும். 15 டிகிரிக்குக் கணக்கிட்டால் டீசல் கன மீட்டருக்கு 845 கிலோவைத் தாண்டக் கூடாது, பயோடீசல் 860க்கும் 900க்கும் நடுவே இருக்க வேண்டும். "சுத்தப் பயோடீசல்" என்று விற்பது 820 காட்டினால் அது வேறு ஏதோ லேசான எண்ணெய். அப்படிப்பட்டது சிலிண்டருக்குள் எப்படி எரியும் என்று யாராலும் சொல்ல முடியாது. கொட்டகையில் வைத்திருக்கவே ஆபத்து. நல்ல பயோடீசல் 100 டிகிரிக்குக் கீழே தீப்பற்றும் ஆவி விடாது, லேசான எண்ணெய் பக்கத்தில் பீடி பற்றவைத்தாலே பிடித்துக்கொள்ளும்.

தம்பியின் டிராக்டருக்கு என் பதில்: சான்று உள்ள சரக்கு என்றால் 20 பங்குக்கு மேல் போகாமல், வேலை நடக்கிற பருவத்தில் மட்டும் ஊற்றுங்கள். அதற்கு முன்னால் டேங்கை இறக்கிக் கழுவிவிட்டு, ரப்பர் ஹோஸ்களை மாற்றிவிடுங்கள். முதல் ஃபில்டரை 50 மணி நேரத்தில் மாற்றுங்கள், அடுத்ததை அதன் நிறத்தைப் பார்த்து முடிவு செய்யுங்கள். வண்டியை நிறுத்தப் போவதற்கு முந்தின இரண்டு டேங்க் வெறும் டீசலாக இருக்கட்டும், நிறுத்தும்போது கழுத்து வரை நிரப்பி வையுங்கள். ஏற்கெனவே ஊற்றிவிட்டீர்கள் என்றால் பயப்பட வேண்டாம். ஃபில்டர் கிண்ணத்தின் அடித் திருகைத் திறந்து ஒரு டம்ளர் பிடித்து, வெளிச்சத்தில் வைத்து ஒரு படம் எடுத்துப் போடுங்கள், பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.